பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை: கானாவின் காற்பந்துப் பாதையும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இளையோரும்

1957-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் கானாவும், அதே ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மலாயாவும் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றன. இரு நாடுகளுக்கும் காற்பந்து வந்து சேர்ந்தது காலனிய ஆட்சியின் வழியாகத்தான். இரு நாடுகளின் முதல் தலைவர்களும், அக்ராவில் குவாமே நுக்ருமாவும் கோலாலம்பூரில் துங்கு அப்துல் ரகுமானும், அந்த விளையாட்டைப் புதிய தேசத்தின் அடையாளமாக வளர்க்க முனைந்தார்கள். துங்கு 1957-இலேயே மெர்டேக்கா போட்டி தொடங்கக் காரணமாக இருந்ததோடு, 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் விளங்கினார். இன்றைய மக்கள்தொகையிலும் இரு நாடுகளும் ஏறத்தாழ ஒத்தவை. மூன்று கோடியைத் தாண்டியவை. ஆனால் கானா 2006, 2010, 2014, 2022 ஆகிய ஆண்டுகளின் உலகக் கிண்ணப் போட்டிகளில் ஆடியிருக்கிறது. அவற்றுள் 2010-இல் காலிறுதி வரை முன்னேறியது. மலேசியா ஒருமுறைகூட அந்த மேடையை எட்டவில்லை. கானாவின் இளைஞர்கள் ஆண்டுதோறும் ஐரோப்பியக் கழகங்களில் சேர்கிறார்கள். மலேசியாவில் வளர்ந்த ஆட்டக்காரர் எவரும் ஐரோப்பாவின் முதல்நிலைக் கழகம் ஒன்றில் பல பருவங்கள் நிலைத்து நின்றதாக வரலாறு இல்லை.

இந்த வேறுபாட்டிற்கு உடல்வாகு, உணவு, இனம் என்று காரணம் சொல்வது கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் தேநீர்க்கடைகளில் இன்றும் வழக்கம். அந்த விளக்கம் வரலாற்றின் முன் நிற்காது. ஏனெனில் இதே பள்ளத்தாக்கின் தமிழர்கள், வறுமை மிகுந்த காலத்திலேயே, ஆசியாவின் முன்னணி அணிகளோடு சரிநிகராக ஆடிய தேசிய அணிக்குத் தலைவர்களையும் கோல்காவலர்களையும் தந்திருக்கிறார்கள். ஒரு சிறுவனின் பன்னிரண்டாம் வயதிலிருந்து பதினெட்டாம் வயது வரையான ஆண்டுகளை யார் பொறுப்பேற்றுச் சுமக்கிறார்கள் என்பதே அவனுடைய காற்பந்து வாழ்வை முடிவு செய்கிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து. கானாவில் அந்த ஆண்டுகளைச் சுமக்க நிறுவனங்கள் உருவாகியுள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் அவற்றைச் சுமந்த நிறுவனங்கள் மறைந்தன; அவற்றின் இடத்தில் முழுமையான மாற்று எதுவும் எழவில்லை.

நீமாவிலிருந்து ஐரோப்பா வரை

கானாவின் பாதையை விளங்கிக்கொள்ள முகம்மது குதூஸின் வாழ்க்கையைப் பார்ப்பது பொருத்தம். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிறந்த குதூஸ், தலைநகர் அக்ராவில் நெருக்கமான வீடுகளும் குறுகிய சந்துகளும் நிறைந்த நீமா என்னும் குடியிருப்புப் பகுதியில் வளர்ந்தார். அந்நாட்டில் 'கோல்ட்ஸ்' என்று அழைக்கப்படும் சிறார் காற்பந்து அமைப்பு ஒன்று உண்டு. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களை வயதுவாரியாகப் பிரித்து, சுற்றுப்புறத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறு அணிகள் ஒன்றோடொன்று மோதும் ஏற்பாடு அது. புல் இல்லாத மண் திடலில், பெரும்பாலும் அந்தச் சுற்றுப்புறத்தைச் சேர்ந்த ஒருவரே பயிற்றுநராகவும் உரிமையாளராகவும் இருந்து நடத்தும் இந்த அணிகள்தாம் தேர்வாளர்கள் முதலில் வந்து பார்க்கும் இடங்கள்.

அவ்வாறு கண்டெடுக்கப்பட்ட குதூஸ், ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் 'ரைட் டு டிரீம்' என்னும் பயிற்சிக் கழகத்தில் சேர்க்கப்பட்டார். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்திற்காக ஆப்பிரிக்காவில் ஆட்டக்காரர்களைத் தேடும் பணியைச் செய்தவரான டாம் வெர்னன் 1999-இல் தொடங்கிய இந்நிறுவனம், இப்போது வோல்ட்டா ஆற்றங்கரையில் பழைய அக்ராடே என்னும் ஊரில் இயங்குகிறது. தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைகளுக்கு உறைவிடம், உணவு, பள்ளிக் கல்வி, பயிற்சி அனைத்தும் இலவசம். காற்பந்தில் மேலே செல்லாத பிள்ளைகள் பலர் அமெரிக்கப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உதவித்தொகையுடன் படிக்கச் சென்றுள்ளனர். ஆட்டம் கைகொடுக்காவிட்டாலும் படிப்பு கைவிடாது என்ற உறுதி பெற்றோருக்கு இருப்பதால்தான், அவர்கள் தம் பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் பிரிந்திருக்கச் சம்மதிக்கிறார்கள்.

2015-ஆம் ஆண்டின் இறுதியில் இந்நிறுவனம் எடுத்த முடிவு கானா இளைஞர்களின் பாதையையே மாற்றியது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்கு அருகிலுள்ள நோர்ஷெலாண்ட் என்னும் முதல்நிலைக் கழகத்தை அது வாங்கியது. அதுவரை ஆப்பிரிக்கச் சிறுவன் ஐரோப்பியக் கழகத்தின் கதவைத் தட்டி நிற்க வேண்டியிருந்தது. இப்போது அவனை வளர்த்தவர்களே ஐரோப்பாவில் ஒரு கதவுக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். குதூஸ் பதினெட்டு வயது நிறைந்த சில நாட்களிலேயே, 2018 ஆகஸ்டில், நோர்ஷெலாண்டின் முதல் அணியில் களமிறங்கினார். அடுத்த இரண்டு பருவங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஆடிய அவரை, 2020-இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகம் 90 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. 2022 உலகக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராகக் கானா 3-2 என வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அவருடையவை. 2023-இல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம், 2025-இல் டாட்டன்ஹாம் என்று அவர் மாறினார். கடைசி மாற்றத்தின் விலை 5.5 கோடி பவுண்ட்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது விலையை அல்ல, வரிசையை. சுற்றுப்புற அணி, உறைவிடப் பயிற்சிக் கழகம், தவறு செய்தாலும் தொடர்ந்து ஆட வாய்ப்பளிக்கும் நடுத்தர ஐரோப்பியக் கழகம், பிறகு பெரிய கழகம் என ஒவ்வொரு படியும் அடுத்த படியோடு இணைக்கப்பட்டிருந்தது. அயாக்ஸில் சேர்ந்த முதல் பருவத்திலேயே முழங்காலில் காயமுற்று அவர் பல மாதங்கள் ஆட்டத்திலிருந்து விலகி இருந்தார். அதன்பிறகும் அவரால் எழ முடிந்ததற்கு அதற்கு முன் பெற்றிருந்த அந்த ஐம்பது ஆட்டங்களின் அனுபவம் பின்னணியாக இருந்தது என்று சொல்வது மிகையாகாது.

பதினெட்டு வயது விதியும் பயிற்றுவித்தோர் பங்கும்

இப்பாதையின் வடிவத்தை உலகக் காற்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் இரண்டு விதிகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, ஆட்டக்காரர்களின் நிலையும் மாற்றமும் குறித்த ஒழுங்குமுறையின் 19-ஆம் பிரிவு. பதினெட்டு வயது நிறையாத எவரும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் கழகத்துக்கு மாறக் கூடாது என்று அது தடை செய்கிறது. பெற்றோர் காற்பந்தோடு தொடர்பில்லாத காரணத்தால் குடிபெயர்ந்தால், அல்லது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதினாறு வயது கடந்தவர் மாறினால் என்பன போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆகவே கோலாலம்பூரில் பிறந்த சிறுவன் எவ்வளவு திறமையுள்ளவனாக இருந்தாலும், பதினெட்டு வயது வரை அவனை வளர்க்க வேண்டிய பொறுப்பு கோலாலம்பூருக்கே உரியது. பதினைந்து வயதுப் பிள்ளையை ஐரோப்பியக் கழகத்தில் சேர்த்துவிடுவதாகப் பணம் கேட்கும் முகவர் எவரும் இந்த விதியை மறைத்தே பேசுகிறார் என்பதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது விதி பணம் பற்றியது. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலைக்கு வாங்கப்பட்டு வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறும்போது, அந்த விலையில் 5 விழுக்காடு, அவருடைய பன்னிரண்டாம் வயது முதல் இருபத்து மூன்றாம் வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையான நான்கு பருவங்களில் பருவத்துக்கு விலையில் கால் விழுக்காடும், பதினாறு முதல் இருபத்து மூன்று வரையான எட்டுப் பருவங்களில் பருவத்துக்கு அரை விழுக்காடும் என்பது கணக்கு. ஒரு சிறிய கழகம் ஒரு பையனைப் பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை வளர்த்ததாகக் கொண்டால், முதல் நான்கு பருவங்களுக்கு ஒரு விழுக்காடு, அடுத்த இரண்டு பருவங்களுக்கு இன்னொரு விழுக்காடு என மொத்தம் இரண்டு விழுக்காடு அதற்குச் சேரும். அவன் பின்னாளில் ஒரு கோடி யூரோவுக்கு விற்கப்பட்டால் அந்தக் கழகத்தின் பங்கு இரண்டு லட்சம் யூரோ. ஒரு சுற்றுப்புறக் கழகம் பல ஆண்டுகளுக்குத் திடல் வாடகையும் பயிற்றுநர் சம்பளமும் கொடுக்கப் போதுமான தொகை அது. இதைத் தவிர, அவன் முதன்முதலாகத் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது பயிற்சி இழப்பீடு என்ற தனித் தொகையும் உண்டு.

ஆனால் இந்தப் பங்கு யாருக்குப் போகும் என்பதை, அந்தச் சிறுவன் எந்தப் பருவத்தில் எந்தக் கழகத்தில் முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தான் என்ற ஆவணமே முடிவு செய்கிறது. 2022 முதல் ஃபிஃபா இத்தொகைகளைத் தனியொரு தீர்வகத்தின் வழியாக, மின்னணுப் பதிவேட்டை வைத்துக் கணக்கிட்டு வழங்குகிறது. காற்பந்துச் சங்கத்தோடு இணைக்கப்படாத அணியின் பயிற்றுநர், ஒரு பையனுக்காக ஆறு ஆண்டுகள் தம் மாலைப் பொழுதுகளையெல்லாம் கொடுத்திருந்தாலும், பதிவேட்டின் கண்ணில் அவர் அங்கே இருந்ததே இல்லை.

தோட்டத் திடலும் ரயில்வேத் திடலும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர்களுக்கும் ஒருகாலத்தில் அந்த ஆண்டுகளைச் சுமந்த அமைப்புகள் இருந்தன. அவற்றைக் காற்பந்துப் பயிற்சிக் கழகம் என்று எவரும் அழைத்ததில்லை. அவை வேலைத்தலங்களாகவும் சங்கங்களாகவும் இருந்தன. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள், கிள்ளானிலும் அதைச் சூழ்ந்த வட்டாரத்திலும் ரப்பர்த் தோட்டங்கள், கடற்கரையில் துறைமுகம், அம்பாங்கில் ஈயச் சுரங்கங்கள் என்று உழைப்பைச் சுற்றியே ஊர்கள் அமைந்திருந்தன. தோட்டத்தில் லயன் வீடுகளுக்கும் கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் நடுவே ஒரு திடல் இருக்கும். பால்மரம் வெட்டிவிட்டு வந்த அண்ணன்மார் மாலையில் ஆடும்போது, எல்லைக்கோட்டருகே நின்று பந்தைப் பொறுக்கிப் போடும் சிறுவன், நான்கைந்து ஆண்டுகளில் அதே அணியில் இடம் பெறுவான். தோட்டங்களுக்கிடையிலான போட்டியில் அவன் பெயர் வெளியே தெரிந்தால், மாவட்ட அணியும், அதன்பின் வேலையும் சேர்த்துக் கொடுக்கும் துறை அல்லது நிறுவன அணியும் அவனைத் தேடி வரும்.

நகரத்தில் இந்தப் பணியைச் சங்கங்கள் செய்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் பணியாற்றிய தமிழர்கள் 1914-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழர் உடற்பயிற்சிக் கழகம் அவற்றுள் மூத்த ஒன்று. இந்தியச் சங்கங்கள் நடத்திய போட்டிகளும், 1921-இல் தொடங்கி இன்று மலேசியக் கிண்ணம் என்று வழங்கும் மாநிலங்களுக்கிடையிலான போட்டியும் இந்த ஏணியின் மேற்படிகள். சிலாங்கூர் அந்தக் கிண்ணத்தை 33 முறை வென்றிருக்கிறது என்றால், அதன் வேர்கள் இப்படிப்பட்ட எண்ணற்ற திடல்களில் ஊன்றியிருந்தன.

அந்த ஏணியின் உச்சியில் நின்றவர்களை நாடு மறக்கவில்லை. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற மலேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர் சிலாங்கூரின் தற்காப்பு ஆட்டக்காரர் எம். சந்திரன்; அங்கே அந்த அணி அமெரிக்காவை 3-0 என்று வென்றது. நீண்ட கைகளால் பந்தைப் பறித்தெடுத்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்ற ஆர். ஆறுமுகம், 1970-களிலும் 80-களிலும் தேசிய அணியின் கோல்காவலர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் அவர் இருந்தார். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால், அந்தத் தலைமுறை உலக மேடையை எட்டிப் பார்க்காமலே போயிற்று. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் இளம் வயதிலேயே மறைந்தார். 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தில், தோட்டத்துக் குடும்பத்திலிருந்து வரும் கோல்காவலன் பாத்திரத்திற்கு அவரே தூண்டுதல். அதே காலத்தில் முன்னணியில் ஆடிய கே. ராஜகோபால், பின்னாளில் தேசியப் பயிற்றுநராகி, 2009-இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமும், 2010-இல் தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணமும் பெற்றுத் தந்தார். அந்தக் கிண்ணம் மலேசியாவுக்கு அதுவே முதல்முறை.

ஏணி முறிந்த வகை

2010 டிசம்பர் 26-ஆம் நாள், சுசுகி கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவை மலேசியா 3-0 என்று வென்ற இடம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம். 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அந்த அரங்கம் நிற்கும் வட்டாரம், அதற்கு முன் புக்கிட் ஜாலில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. ஷா ஆலம் நகரமும் தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். ஒரு தமிழர் பயிற்றுவித்த அணி நாட்டிற்குப் புகழ் தேடித் தந்த மண்ணிலேயே, அவரைப் போன்றவர்களை உருவாக்கிய தோட்ட வாழ்க்கை முடிவுக்கு வந்திருந்தது என்பது இந்த வரலாற்றின் மையமான உண்மை.

ரப்பரிலிருந்து செம்பனைக்கும், செம்பனையிலிருந்து வீடமைப்புக்கும் நிலம் மாறியபோது, தொழிலாளர் குடும்பங்கள் லயன்களை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கும் சென்றன. மாற்று வீடு குறித்துப் பேச்சுவார்த்தை நடந்தது. கோயிலுக்கும் பள்ளிக்கும் போராட்டம் நடந்தது. திடலுக்காக வாதாடியவர்கள் மிகச் சிலரே. தோட்டம் போனதோடு தோட்டங்களுக்கிடையிலான போட்டிகள் போயின. அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்த வழக்கம், 1989-இல் அரைத் தொழில்முறை லீக்கும் பின்னர் முழுத் தொழில்முறை ஆட்டமும் வந்தபோது தேய்ந்தது. 1990-களின் நடுவில் ஆட்ட முடிவுகளை விலைபேசிய ஊழல் அம்பலமாகிப் பலர் தண்டிக்கப்பட்டபின், காற்பந்து பிள்ளைக்கு ஏற்ற தொழில் என்ற நம்பிக்கையும் பல குடும்பங்களில் உடைந்தது.

இன்று அம்பாங்கிலோ பாண்டானிலோ வளரும் பன்னிரண்டு வயதுத் தமிழ்ச் சிறுவனின் நிலை வேறு. அடுக்குமாடியின் கீழே இருப்பது வாகன நிறுத்துமிடம்; பந்தாட வேண்டுமானால் நண்பர்கள் சேர்ந்து ஃபுட்சால் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். தனியார் பயிற்சி வகுப்புகள் பல உள்ளன. ஆனால் மாதக் கட்டணம், காலணி, சீருடை, போட்டிக் கட்டணம், வார இறுதிகளில் அழைத்துச் செல்லும் செலவு அனைத்தும் பெற்றோர் தலையில். கானாவின் பயிற்சிக் கழகம் திறமையுள்ள ஏழைப் பிள்ளையைத் தேடிச் சென்று செலவை ஏற்கிறது. இங்கே கட்டணம் செலுத்தக்கூடிய பிள்ளைக்கே பயிற்சி கிடைக்கிறது. திறமை இருந்தும் கட்டணம் இல்லாதவன் பதினான்கு வயதில் நின்றுவிடுகிறான். நின்றவர்களைப் பற்றி எந்தப் பதிவேடும் பேசுவதில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. அரசு 2014-இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டமும், பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் அமைந்த மொக்தார் டஹாரி பயிற்சிக் கழகமும் அவற்றுள் முதன்மையானவை. சமூகத்தின் தரப்பில், மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் உருவாக்கிய அணி லீக்கின் கீழ்ப்படிகளிலிருந்து ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் 2022 வரை நாட்டின் உச்ச லீக்கான சூப்பர் லீக்கில் ஆடியது. கடைசிப் பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இன்றி, உள்ளூர் இளைஞர்களை மட்டுமே கொண்டு அது தாக்குப்பிடித்ததும், அவர்களுள் தமிழர்கள் பலர் இருந்ததும் பாராட்டத்தக்கவை. 2022 பருவத்தோடு அந்தக் கழகம் லீக்கிலிருந்து விலகியபோது, இளைஞர்கள் ஏறிச் செல்லக் கூடியதாக எஞ்சியிருந்த ஒரு படியும் நீங்கியது.

ஐரோப்பாவை எட்டியவர்கள்

இந்த வட்டாரத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றவர்களின் வரலாறு சிறியது; ஆயினும் அது தெளிவாகப் பேசுகிறது. சிங்கப்பூர்த் தமிழரான வி. சுந்தரமூர்த்தி 1989-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்தில் ஆடினார். அப்போது அந்தக் கழகம் இரண்டாம் நிலைப் பிரிவில் இருந்தது. அவர் அங்கே நீடிக்காமல் திரும்பி வந்து மலேசிய லீக்கில் கெடா அணிக்காக ஆடினார். பந்தைக் காலோடு ஒட்டவைத்து எதிரணியைக் கடந்து செல்லும் அவருடைய ஆட்டத்தை நேரில் கண்ட தலைமுறை இன்றும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறது. அவரிடம் குறைந்தது திறமையல்ல. அவருக்கு முன் 1983-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் சென்ற சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது, அங்கே இரண்டு பருவங்கள் ஆடி, இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராகக் கோலும் அடித்தவர்.

மலேசியாவிலிருந்து 2012-இல் பதின்ம வயதிலேயே போர்ச்சுகலின் பெய்ரா-மார் சென்ற நஸ்மி ஃபைஸ் மன்சோர் ஓராண்டுக்குள் திரும்பினார். மொக்தார் டஹாரி கழகத்தில் வளர்ந்த லுக்மான் ஹக்கீம், மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் உரிமையாளராக இருந்த பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கழகத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்து 2020-இல் சென்றார். கதவு திறந்திருந்தும், முதல் அணியில் அவர் களத்தில் நின்ற நேரம் மிகக் குறைவு. ஐஸ்லாந்துக் கழகம் ஒன்றுக்கு இரவலாகச் சென்று, பின்னர் தாயகம் திரும்பினார். குதூஸுக்கும் லுக்மானுக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. இருவருக்கும் ஐரோப்பாவில் தெரிந்த கழகம் இருந்தது. ஆனால் ஒருவரின் கழகம் இளைஞரை வளர்த்து விற்பதையே தன் தொழிலாகக் கொண்டு, பதினெட்டு வயதில் அவரை வாரந்தோறும் ஆட வைத்தது. மற்றவரின் கழகம் லீக்கில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடியபடி, ஆயத்தமான ஆட்டக்காரரையே எதிர்பார்த்தது.

தமிழ்ப் பிள்ளைக்கு முழுமையான அமைப்பு கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று பிரிட்டனில் உள்ளது. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் 2006-இல் பிறந்து வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன், சிறுவயதில் லிவர்பூல் கழகத்தின் இளையோர் பிரிவில் பயின்று, பின் பார்ன்ஸ்லி கழகத்தில் சேர்ந்து, 2023 ஆகஸ்டில் பதினேழு வயதிலேயே முதல் அணியில் ஆடினார். ஆங்கிலத் தொழில்முறைக் காற்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். இங்கிலாந்தின் தொழில்முறைக் கழகங்கள் ஒன்பது வயதிலிருந்தே சிறுவர்களைப் பதிவு செய்து, பதினாறு வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கல்வியோடு இணைந்த ஈராண்டுப் பயிற்சி ஒப்பந்தம் வழங்குகின்றன. விமலின் உடல்வாகும் உணவும் இனமும் அவருக்குத் தடையாகவில்லை; அம்பாங்கின் பிள்ளைக்கும் அவை தடையல்ல.

ஒப்பந்தத்தின் மறுபக்கம்

கானாவின் பாதையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 1991-இல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியைக் கானா வென்றபோது சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்ற நீ லாம்ப்டே, அதற்கு முன்பே, பதினாறு வயதில் பெல்ஜியத்தின் அண்டர்லெக்ட் அணியில் ஆடியவர். பள்ளிப் படிப்பு இல்லாததால், தாம் படித்தறிய முடியாத ஒப்பந்தங்களில் கையெழுத்திட நேர்ந்ததையும், தம் விற்பனையில் பிறர் பயன் பெற்றதையும் அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். நாடு விட்டு நாடாகப் பல கழகங்களுக்கு மாறி, எதிர்பார்த்த உயரத்தை எட்டாமலே ஓய்வு பெற்ற அவர், அக்ராவில் ஒரு பள்ளியை நிறுவினார் என்பது பொருள் நிறைந்த செய்தி.

லாம்ப்டேயாவது களத்தில் நின்றவர். போலி முகவர்களிடம் பணம் கொடுத்து, ஐரோப்பிய நகரங்களில் கைவிடப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுவர்கள் பலர். அவர்களுக்கு உதவுவதற்காகவே கேமரூனின் முன்னாள் ஆட்டக்காரர் ஜான்-குளோத் எம்புவுமின் 2000-இல் பாரிஸில் 'ஃபூட் சாலிடேர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கானாவின் இளைஞர்களிடையே கள ஆய்வு செய்த புவியியல் அறிஞர் ஜேம்ஸ் எசன், படித்தும் வேலை கிடைக்காத சூழலில், தம் உடலையே முதலீடாகக் கருதிச் சிறுவர்கள் பள்ளியைவிட்டு விலகிப் பந்தை நாடுவதை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே கானாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கல்வியையும் பதிவையும் பாதுகாப்பையும் ஒன்றாகக் கட்டிய அமைப்பைத்தான். வறுமையிலிருந்து தப்பிக்கும் ஒரே வழி பந்து என்ற நெருக்கடியை அல்ல.

ஆவணங்களில் குறுக்குவழி தேடுவதன் விலையை மலேசியாவே அண்மையில் கண்டது. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களைத் தேசிய அணியில் சேர்ப்பதற்குத் திருத்தப்பட்ட ஆவணங்கள் பயன்படுத்தப்பட்டன என்று கூறி, ஃபிஃபா 2025 செப்டம்பரில் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதமும் அந்த ஆட்டக்காரர்களுக்குத் தடையும் விதித்தது. பல ஆண்டுகள் பொறுத்து வளர்க்க வேண்டியதை ஒரே நாளில் பெற முயலும் நாட்டுக்கு இது தெளிவான எச்சரிக்கை.

செய்ய வேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சமூகம் ஐரோப்பியக் கழகத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை; பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையான ஆண்டுகளைச் சுமக்கும் வலிமை அதனிடமே உண்டு. முதலாவதாக, வட்டாரத்தில் இயங்கும் ஒவ்வொரு தமிழ் இளையோர் அணியும் மாநிலக் காற்பந்துச் சங்கத்தோடு இணைந்து, தன்னிடம் பயிலும் ஒவ்வொரு பிள்ளையையும் பருவந்தோறும் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தால்தான் பையன் உயரும்போது அவனை வளர்த்த திடலுக்கும் பங்கு வரும். அந்தப் பங்கு அடுத்த பையனை வளர்க்கும். இரண்டாவதாக, நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடிக்கும் திறமையுள்ள பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும்போது எந்த அணிக்கும் சொந்தமில்லாதவனாகக் காணாமற்போவதைத் தடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு அவனைக் கைப்பிடித்து ஒப்படைக்கும் பொறுப்பைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் ஏற்க முடியும். மூன்றாவதாக, கோயில்களும் அறவாரியங்களும் தொழிலதிபர்களும் கல்விக்கு வழங்கும் உதவித்தொகையில் ஒரு பகுதியை, படிப்பையும் பயிற்சியையும் விடாமல் தொடரும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். நான்காவதாக, எந்த ஒப்பந்தத்திலும் வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் பெற்றோர் கையெழுத்திடக் கூடாது.

எம். சந்திரன் மியூனிக்கில் அணியை வழிநடத்தி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அன்று ஒரு தோட்டமும் ஒரு ரயில்வேத் துறையும், தாம் என்ன செய்கிறோம் என்று திட்டமிடாமலே செய்த பணியை, இன்று கல்வியும் செல்வமும் அமைப்புகளும் பெற்றுள்ள சமூகம் திட்டமிட்டே செய்ய முடியும். அம்பாங்கில், பிரிக்பீல்ட்ஸில், கிள்ளானில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொருவரும், தம் அணிப் பிள்ளைகளின் பெயர்களை அடுத்த பருவம் தொடங்குமுன் சங்கத்தின் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும்.